911 கரேரா 3.2: ஆயில் சூடு 120-ஐத் தாண்டினால் எங்கே தேடுவது

கேள்வி இதுதான். 1985 மாடல் போர்ஷே 911 கரேரா 3.2. நெடுஞ்சாலையில் ஆயில் முள் 95 டிகிரியில் நிற்கிறது. கோடையில் நகர நெரிசலில் மாட்டினால் 125 வரை ஏறுகிறது. 20டபிள்யூ-60 போன்ற கெட்டி ஆயிலுக்கு மாறலாமா, தெர்மோஸ்டாட்டைக் (ஆயில் சூடானதும் கூலருக்கு வழிதிறக்கும் வால்வை) கழற்றிவிடலாமா, இல்லை பெரிய ஆயில் கூலரே வாங்கிவிடலாமா?

முதல் இரண்டும் வேண்டாம். மூன்றாவது பெரும்பாலும் தேவைப்படாது. சூடு எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட எப்போது ஏறுகிறது என்பதுதான் கோளாறு இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். நிற்கும்போது ஏறி ஓடும்போது இறங்கினால் கூலருக்குக் காற்று போதவில்லை. வேகம் கூடக்கூட ஏறினால் கூலருக்கு ஆயில் போய்ச் சேரவில்லை. உங்கள் வண்டி முதல் வகை மாதிரித் தெரிகிறது. ஆனாலும் உறுதி செய்யாமல் காசு செலவழிக்காதீர்கள்.

இந்த என்ஜினில் ஆயில் போகும் வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இது டிரை சம்ப். ஆயில் என்ஜினுக்கு அடியில் தேங்காது. வலது பின்சக்கரத்தையொட்டி இருக்கும் தனி டேங்கில் இருக்கும். ஒரே தண்டில் இரண்டு பம்ப். ஒன்று டேங்கிலிருந்து ஆயிலை இழுத்து அழுத்தத்தோடு என்ஜினுக்குள் தள்ளும்; மற்றது என்ஜினுக்கு அடியில் வடிந்ததை உறிஞ்சி டேங்குக்குத் திருப்பும். கூலரும் இரண்டு. என்ஜினோடு ஒட்டியிருக்கும் கூலர் அழுத்தப் பக்கத்தில் இருக்கிறது; பெரிய விசிறியின் காற்று அதன் மேலேயே அடிக்கும். வலது முன் ஃபெண்டருக்குள் இருக்கும் கூலர் திரும்பும் பாதையில் இருக்கிறது. என்ஜினிலிருந்து வரும் சூடான ஆயில் முன்னால் போய் ஆறி, பின்னால் வந்து, ஃபில்டர் வழியாக டேங்கில் விழும். இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட். இரண்டுமே 83 முதல் 87 டிகிரிக்குள் திறப்பவை. முன் கூலரின் தெர்மோஸ்டாட் வலது பின்சக்கர வளைவுக்குள் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்றினால் கண்ணெதிரே தெரியும்.

முன் ஃபெண்டர் கூலர் 911-க்கு முதலில் வந்தது 1969 மாடல் 911 எஸ்-இல். பிறகு வளைந்த வெறும் குழாய், பித்தளைக் குழாய்க் கட்டு என்று பல வடிவங்கள். 3.2-இன் காலத்தில்தான் துடுப்புகள் கொண்ட ரேடியேட்டர் வகை வந்தது. 1987 மாடலிலிருந்து அதற்கு ஒரு மின்விசிறியும் சேர்த்தார்கள். உங்கள் 1985 வண்டியில் அது கிடையாது. வண்டி நின்றால் முன் கூலருக்குக் காற்றும் நின்றுவிடும். நெரிசலில் உங்களுக்கு ஆவது இதுதான்.

எவ்வளவு சூடு சரி? 85 முதல் 105 வரை இந்த என்ஜினுக்கு நல்ல இடம். வெயிலில் நகரத்துக்குள் 110 வந்தால் கவலைப்பட வேண்டாம். 120 என்றால் கவனிக்க வேண்டும். 130 என்றால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். இன்னொரு பக்கமும் உண்டு. ஆயில் 80-க்கு மேல் வராமலே குளிர்ந்து ஓடினால் உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போகாது, ஆயில் அமிலமாகும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, குளிர்ந்த கெட்டி ஆயில் முழு வேகத்தில் கூலருக்குள் பாயாமல் தடுப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் குளிர் காலைகளில் கூலரின் மடிப்புகள் பிளந்துபோகும் ஆபத்து உண்டு.

இனி வேலை. முதலில் முள் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டைப் போட்டதும் முள் ஐந்து பத்து டிகிரி ஏறினாலோ, இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்தாலோ கோளாறு ஆயிலில் இல்லை, மீட்டரின் எர்த் ஒயரில் இருக்கிறது. டாஷ்போர்டிலிருந்து மீட்டரை இழுத்து, பின்னால் இருக்கும் பழுப்பு ஒயரின் முனையைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். சென்ஸாரின் மின்தடை சூடு ஏற ஏறக் குறையும். அதனால் அதன் ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் முள் நேராக மேல் முனைக்கே போய்விடும். சந்தேகம் இருந்தால் வண்டியை நன்றாகச் சூடாக்கி, என்ஜின் ஓடும்போதே டேங்க் மூடியைத் திறந்து, நீளமான சமையல் தெர்மாமீட்டரை ஆயிலில் இறக்கிப் பாருங்கள். மீட்டரோடு ஐந்து டிகிரிக்குள் ஒத்துப்போனால் போதும்.

அடுத்தது அளவு. இதில் தவறுகிறவர்கள் அதிகம். டிரை சம்ப் வண்டியில் என்ஜின் நின்ற பிறகு டிப்ஸ்டிக் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. டேங்கில் இருந்த ஆயில் மெதுவாக என்ஜினுக்குள் இறங்கியிருக்கும். ஆயில் குறைந்துவிட்டது என்று நினைத்து ஒரு லிட்டர் ஊற்றினால் அடுத்த முறை டேங்க் நிரம்பி, மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் போய் வெள்ளைப் புகை கக்கும். சரியான முறை: குறைந்தது 20 நிமிடம் ஓட்டி ஆயிலை 90-க்கு மேல் கொண்டுவாருங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜினை ஐடிலில் ஓடவிட்டபடியே டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டுப் பாருங்கள். மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். 3.2-இல் மொத்தம் 13 லிட்டர் பிடிக்கும். ஆயில் மாற்றும்போது வெளியே வருவது சுமார் 10 லிட்டர்தான். மீதி முன் கூலரிலும் நீளமான குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் 13-ஐயும் ஊற்றாதீர்கள். ஒன்பது ஊற்றி, சூடாக்கி, அளந்து, அரை அரை லிட்டராகச் சேர்த்துக்கொண்டே போங்கள். அளவு குறைந்தால் அதே ஆயில் டேங்கில் ஓய்வெடுக்க நேரமில்லாமல் சுற்றும், காற்றுக் குமிழும் சேரும், சூடும் ஏறும்.

(1972 மாடலில் மட்டும் ஆயில் டேங்கைக் கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வைத்து, வெளியே தனி மூடி கொடுத்திருந்தார்கள். பெட்ரோல் பங்குகளில் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து நிரப்பத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே டேங்க் பழைய இடத்துக்குப் போனது. அந்த வருட வண்டி வைத்திருப்பவர்கள் அந்த மூடியை யாரையும் தொடவிடாதீர்கள்.)

இப்போது ஆயில் முன்னால் போகிறதா என்ற சோதனை. நெடுஞ்சாலையில் 95 காட்டுவதால் போகிறது என்று முடிவு கட்ட முடியாது. குளிர்ந்த நாளில், சமதளச் சாலையில், மிதமான வேகத்தில் என்ஜின் கூலர் ஒன்றே அவ்வளவையும் சமாளித்துவிடும். அகச்சிவப்புத் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஆனால் பளபளக்கும் பித்தளையிலும் அலுமினியத்திலும் அது ஏமாற்றும். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்கப்போகும் இடங்களில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, அந்த டேப்பின் மேல் அளந்துபாருங்கள். நான்கு இடங்கள்: தெர்மோஸ்டாட்டுக்கு என்ஜினிலிருந்து வரும் குழாய், தெர்மோஸ்டாட்டிலிருந்து முன்னால் போகும் குழாய், கூலரின் நுழைவாய், கூலரிலிருந்து திரும்பும் குழாய்.

குளிர்ந்த என்ஜினைக் கிளப்பி முள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 80 வரை முன்னால் போகும் குழாய் சூடேறாமல் இருக்க வேண்டும். 85-ஐத் தாண்டிய சில நிமிடங்களில் சட்டென்று சூடாக வேண்டும். 95 ஆகியும் அது சில்லென்றே இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கிறது. தொடக்கத்திலிருந்தே சூடானால் திறந்தபடி சிக்கியிருக்கிறது. போகும் குழாய் கொதிக்கிறது, ஆனால் திரும்பும் குழாய் ஆறியே கிடக்கிறது என்றால் நடுவில் அடைப்பு. இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் ஆயில் நன்றாக ஓடுகிறது, கூலரில்தான் காற்று படவில்லை. உங்கள் வண்டியில் நெரிசலுக்குப் பிறகு அளந்தால் இந்தக் கடைசி விடைதான் வரும் என்று நினைக்கிறேன்.

அடைப்பு இருந்தால் முதலில் வலதுபக்கக் கதவுக்கடியில் படுத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் போகும் இரண்டு குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன. ஜாக்கி வைத்தவரோ லிஃப்டின் கையை வைத்தவரோ அதை நசுக்கியிருக்கலாம். பாதி நசுங்கிய குழாய் ஐடிலில் ஒன்றும் காட்டிக்கொள்ளாது. நிமிடத்துக்கு 4,000 சுற்றில் நீண்ட நேரம் ஓடும்போதுதான் முள் மெல்ல மெல்ல ஏறும். நெடுஞ்சாலையில் மட்டும் சூடாகிறது என்று புகார் வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இதற்கு முன் அந்த என்ஜின் பேரிங் உடைந்து பிரிக்கப்பட்டதா என்றும் விசாரியுங்கள். உலோகத் தூள் கூலருக்குள் போயிருந்தால் சும்மா கழுவிப் பயனில்லை. இரு திசையிலும் அழுத்தத்தோடு அலசத் தெரிந்த இடத்தில் கொடுங்கள், அல்லது கூலரையே மாற்றுங்கள். உள்ளே ஒட்டியிருந்த தூள் ஒருநாள் புது பேரிங்குக்கு வந்து சேரும்.

தெர்மோஸ்டாட்டை மாற்றுவது கேட்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். அதன் உடல் அலுமினியம். குழாயின் பெரிய நட்டுக்கு 36 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். நாற்பது வருட உப்பும் தண்ணீரும் அந்த மரையை ஒன்றோடொன்று இறுக்கிவிட்டிருக்கும். பலத்தால் திருகினால் நட்டு சுழலாது. தெர்மோஸ்டாட்டின் மரையைக் கிழித்துக்கொண்டு வரும், இல்லையென்றால் குழாயே முறுக்கிக்கொள்ளும். இரண்டு நாள் முன்பிருந்தே துரு இளக்கும் எண்ணெயை விட்டுவையுங்கள். திருகும்போது ஒரு ஸ்பேனரால் உடலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டைத் திருப்புங்கள். அசையாவிட்டால் நட்டைச் சூடாக்குங்கள். பக்கத்தில் ஆயில் ஒழுகல் இருந்தால் தீ வைக்காதீர்கள், சூடான காற்றுத் துப்பாக்கி போதும். அதற்கும் மசியாவிட்டால் நட்டை பலி கொடுப்பதே மேல். சிறிய கட்டிங் சக்கரத்தால் நட்டின் நீளவாக்கில் முக்கால் ஆழத்துக்கு ஒரு கோடு கீறி, அந்தக் கீறலில் உளியை வைத்துத் தட்டினால் நட்டு விரிந்து விட்டுக்கொடுக்கும். உள்ளே இருக்கும் மரை தப்பும். திருப்பி மாட்டும்போது மரை இறுகிப்போகாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மரையில் தடவ மறக்காதீர்கள். முன் கூலரின் இணைப்புகளும் இப்படித்தான் இறுகியிருக்கும். கூலர் நன்றாக இருந்தால் அந்த நட்டுகளைச் சும்மா தொடாமல் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

காற்றுப் பக்கம் வருவோம். வலது முன்சக்கரத்தைக் கழற்றி, உள் மட்கார்டைப் பிரித்தால் கூலர் தெரியும். காய்ந்த இலை, டயர் ரப்பர் துணுக்கு, பூச்சி, எண்ணெயில் ஒட்டிய மண் என்று பாதிக் கூலர் மூடியே இருக்கும். சக்கரத்தின் பக்கமிருந்து முன்நோக்கி, குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உயர் அழுத்தப் பம்பைக் கிட்டத்தில் பிடித்தால் துடுப்புகள் மடங்கி நிரந்தர அடைப்பாகிவிடும். பம்பரின் திறப்பிலிருந்து கூலர் வரை காற்றை வழிநடத்தும் தகடும் ரப்பரும் இருக்கின்றனவா பாருங்கள். விபத்துக்குப் பிறகு பெயின்ட் அடித்த வண்டிகளில் இவை திரும்ப மாட்டப்படாமல் போவது சகஜம். தகடு இல்லாவிட்டால் காற்று கூலரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

பின்பக்கம். என்ஜின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் எக்ஸாஸ்டின் சூடு கீழிருந்து மேலே வந்து விசிறிக்கே திரும்பும். விசிறி மூடியிலிருந்து ஹீட்டருக்குப் போகும் பெரிய குழாய் கழன்றிருந்தால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அந்த ஓட்டை வழியாக வெளியே போய்விடும். ஹீட்டரை எடுத்துவிட்டவர்கள் அந்தத் திறப்பைத் தகடு வைத்து அடைத்தே ஆகவேண்டும். வால்வு மூடி, ஆயில் குழாய் ஒழுகல்களைத் தள்ளிப்போடாதீர்கள். ஒழுகிய ஆயிலில் தூசி ஒட்டி சிலிண்டர் துடுப்புகளிலும் என்ஜின் கூலரிலும் கம்பளம் மாதிரி படியும். ஏசி இருந்தால் ஒரு கண்டென்சர் என்ஜின் மூடிக்கு அடியிலேயே இருக்கும். விசிறி உறிஞ்சும் காற்று அதன் வழியாகத்தான் வருகிறது. நெரிசலில் ஏசியை அணைத்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் முள் இறங்கினால் சூட்டின் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உள்வாங்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் வழுக்கும். கப்பி இரண்டு பாதித் தட்டுகள். நடுவில் ஷிம் எனப்படும் மெல்லிய இடைவளையங்கள். ஒரு ஷிம்மை நடுவிலிருந்து எடுத்தால் தட்டுகள் நெருங்கி பெல்ட் இறுகும். எடுத்ததை வெளிப்பக்கத் தட்டுக்கு மேலே, நட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். அங்கேதான் அதன் இடம், தொலையவும் தொலையாது. ஓடும்போது சிவப்புச் சார்ஜ் விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம். விசிறியும் ஆல்டர்னேட்டரும் ஒரே தண்டில் இருப்பதால் பேட்டரி பிரச்சினை என்று வீடு வரை ஓட்டிவிடாதீர்கள். அந்த நிமிடமே நிறுத்துங்கள்.

கெட்டி ஆயில் பற்றிய கேள்வி. சாதாரண 20டபிள்யூ-50 ஆயில் 100 டிகிரியில் சுமார் 18 சென்டிஸ்டோக் பாகுநிலையில் இருக்கும். 120-இல் அது 11-க்கு அருகே இறங்கிவிடும், அதாவது 30 எண் ஆயில் 100 டிகிரியில் இருக்கும் நிலைக்கு. 130-இல் 9. பேரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் படலம் மெலிகிறது, அழுத்தமும் விழுகிறது. பிஸ்டனின் அடிவயிற்றில் ஆயிலைப் பீய்ச்சும் சிறு ஜெட்டுகள் ஸ்பிரிங் வால்வு கொண்டவை. சுமார் 3 பார் அழுத்தம் வந்தால்தான் திறக்கும். சூட்டில் அழுத்தம் விழுந்தால் பிஸ்டனைக் குளிரவைக்கும் அந்தப் பீய்ச்சலும் குறைகிறது. 60 எண் ஆயில் மீட்டரில் அழுத்தத்தை உயர்த்திக் காட்டும், சூட்டைக் குறைக்காது. கெட்டி ஆயிலை இழுப்பதற்கே கூடுதல் உழைப்பு, அதுவும் சூடாகத்தான் மாறும். நல்ல 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-50 போதும். கேம்ஷாஃப்ட்டின் நலனுக்காக ஜிங்க் 1,000 பிபிஎம்முக்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சூட்டில் 5,000 சுற்றில் 4 பார் இருந்தால் அழுத்தம் சரி. சூடான ஐடிலில் ஒரு பாருக்குக் கீழே விழுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, நெரிசலில் மட்டும் ஏறினால், முன் கூலருக்கு மின்விசிறி வையுங்கள். போர்ஷேவே 1987-இல் செய்தது அதைத்தான். விசிறி வண்டி ஓடும்போது வரும் காற்றின் திசையிலேயே, முன்னிருந்து சக்கரம் நோக்கி வீச வேண்டும். ஒயரைத் தலைகீழாகக் கொடுத்தால் இரண்டு காற்றும் மோதிக்கொண்டு நிற்கும். மாட்டியதும் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துத் திசையைப் பாருங்கள். பேட்டரி முன்பக்கத்திலேயே இருப்பதால் ஒயர் குறைவு. ரிலேயும் ஃப்யூஸும் கட்டாயம். தொழிற்சாலை விசிறி சுமார் 118 டிகிரியில்தான் ஓடத் தொடங்கும். எனக்கு அது தாமதம். 100-இல் தொடங்கி 90-இல் நிற்கும் சுவிட்சைக் கூலரின் நுழைவாயில் வையுங்கள். 90-க்குக் கீழே வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் விசிறி நாள் முழுக்க ஓடும். 964 (3.2-க்குப் பிறகு வந்த 911) வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வேக விசிறி ஏற்கனவே இருக்கிறது. மெதுவான வேகம் ஓடவில்லை என்றால் முதலில் அதன் ரெசிஸ்டரைப் பாருங்கள், அடிக்கடி போவது அதுதான்.

ஓட்டும் முறையும் உதவும். விசிறியும் ஆயில் பம்பும் என்ஜின் சுற்றோடு கட்டப்பட்டவை. நெரிசல் மெல்ல நகரும்போது மூன்றாம் கியரில் 1,500 சுற்றில் திணறவிடாமல் இரண்டாம் கியரில் 2,500-இல் போங்கள். மலை ஏற்றத்திலும் அப்படியே. குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிப்பது இந்த என்ஜினுக்கு மிகக் கெட்ட பழக்கம்; சுமை அதிகம், காற்று குறைவு, பிஸ்டன் ஜெட்டும் திறந்திருக்காது.

1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் 911 வண்டிகளுக்கு நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன். அவற்றின் கிராங்க்கேஸ் (என்ஜினின் அடிக்கூடு) மெக்னீசியம். சூடு மிஞ்சினால் சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகள் கேஸிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொள்ளும். அமெரிக்காவுக்குப் போன 1975 முதல் 1977 வரையான வண்டிகள் பலவற்றில் புகையைக் குறைக்க வைத்த தெர்மல் ரியாக்டர்கள் சூட்டை இன்னும் ஏற்றின. அந்த வண்டியில் முன் கூலரே இல்லையென்றால் அதை மாட்டுவதே முதல் செலவாக இருக்கட்டும். 110-ஐயே மேல் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கூலர் யாருக்கு? என்ஜினைப் பெரிதாக்கியவர்களுக்கும், ரேஸ் டிராக்கில் 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டுகிறவர்களுக்கும். அவர்களுக்கு 1973 ஆர்எஸ்ஆர் (911-இன் ரேஸ் வடிவம்) பாணியில் முன் பம்பரின் நடுவில் நேர்க்காற்றில் வைக்கும் கூலர்தான் நிஜமான தீர்வு. ஆனால் பம்பரை வெட்ட வேண்டிவரும். பின்சக்கர வளைவிலோ என்ஜின் மூடிக்கு அடியிலோ கூடுதல் கூலர் வைப்பது காசு வீண், அங்கே இருப்பதே சூடான காற்று. எதைப் போட்டாலும் தெர்மோஸ்டாட் வழியாகவே இணையுங்கள். புதுக் கூலரும் குழாயும் காலியாக இருப்பதால் முதல் முறை தெர்மோஸ்டாட் திறந்ததும் டேங்கில் அளவு திடீரென்று இறங்கும். அதனால் இரண்டு லிட்டர் ஆயிலைக் கையில் வைத்துக்கொண்டு, முள் 90-ஐத் தாண்டும் வரை வீட்டு வாசலிலேயே ஓடவிட்டு, அளந்து ஊற்றிய பிறகே சாலையில் இறக்குங்கள்.